கடலாடுமுன் கற்க வேண்டியவை



விசாகப்பட்டினத்துக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்க்குக் கிட்டும் பேறுகளுள் தலையாயது கடல். நம் பல்கலைக்கழக மேட்டிலிருந்து இறங்கிச் சிறிது தொலைவு நடந்தால் போதும். வங்கக் கடல் கண்முன் விரியும். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லாமல், ஆய்வுக்கூட வேலைக்காக விடுதியில் தங்கிவிடும் நம்மனோர்க்கு அக்கடலே பெருந்துணை.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெய்தலை ஒரு திணையாக வகுத்துப் போற்றிய மொழிக்கு உரியவர்கள் நாம். ஆனால் நம் சங்கத்து உறுப்பினருள் பெரும்பாலோர் சேலம், ஈரோடு, மதுரை, திருச்சி போன்ற உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஏரியை அறிவோம், ஆற்றை அறிவோம், கிணற்றில் குதித்து நீந்தவும் அறிவோம். கடலை நாம் அறியோம். அறியாத ஒன்றை நெருங்கிப் பழகும்போது அன்பு மட்டும் போதாது; கல்வியும் வேண்டும்.

2024-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரைக்குச் சென்ற மருத்துவக் கல்லூரி மாணவ மாணவியர் ஐவர் அலைகளால் இழுக்கப்பட்டு மாண்டனர். புயல் இல்லை, மழை இல்லை, நண்பர்களோடு கழிக்க வந்த ஒரு கோடை நாள் அது. நன்கு படித்தவர்கள், இளைஞர்கள், நம் வயதினர். இச்செய்தியைப் படித்துவிட்டுக் "கடலுக்கே போகாதீர்கள்" என்று கூறுவார் உண்டு. யான் அவ்வாறு கூறேன். கடல் தன் குணத்தை மறைத்து வைப்பதில்லை. நீரின் நிறத்திலும், அலையின் உடைவிலும், நுரையின் போக்கிலும் அதை எழுதிக் காட்டுகிறது. அவ்வெழுத்தைப் படிக்கக் கற்றவர் மகிழ்ந்து ஆடி மீளலாம்.

சென்ற கோடையில் நாங்கள் அறுவர் ஒரு நாள் முழுதும் கடலோரத்தில் கழித்தோம். சேலத்து நண்பர், மதுரை நண்பர், தூத்துக்குடி நண்பர், கோவைத் தோழியர் இருவர், இவர்களோடு யான். அந்நாளின் போக்கையே பாடத்தின் போக்காகக் கொண்டு, கண்டவற்றையும் அவற்றின் காரணங்களையும் இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

1. நாள் குறித்தல்

உல்லாசப் பயணத்துக்கு நாள் குறிப்பவர் ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்பர்; கடலுக்குச் செல்பவர் திங்களைப் பார்க்க வேண்டும். வானத்துத் திங்களைச் சொல்கிறேன்.

கடல் நீர் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. இதனை ஓதம் என்கிறோம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே இன்று காலை 8 மணிக்கு ஏறிய நீர், நாளைக் காலை ஏறக்குறைய 8-50க்குத்தான் ஏறும். திங்களின் ஈர்ப்பும் ஞாயிற்றின் ஈர்ப்பும் ஒரே கோட்டில் சேரும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் மிகுதி. அவை ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும் அஷ்டமியை ஒட்டி அவை குறைவு.

காம்பே வளைகுடாவில் ஓதம் 10 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். விசாகப்பட்டினத்தில் பெரிய ஓத நாளில்கூட வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். சிறிய ஓத நாளில் அரை மீட்டர் அளவே. "இவ்வளவு தானா!" என்று எண்ணிவிடலாகாது. ஒன்றரை மீட்டர் என்பது ஒரு பெண்ணின் தோளைத் தாண்டும் உயரம். மேலும், நீர் வற்றியிருக்கும் வேளையில்தான் மணல் திட்டுகளுக்கு இடையே ஓடும் நீரின் இழுப்புப் பொதுவாக வலுக்கிறது. இவ்விழுப்பைப் பற்றியதே இப்பாடத்தின் உயிர். அதைப் பின்னர் விளக்குவேன்.

விடுதி அறையில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் திதி அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து அஷ்டமியன்று செல்வதென்று முடிவு செய்தோம். "அஷ்டமியில் நல்ல காரியமா?" என்று கோவைத் தோழியருள் ஒருவர் நகைத்தார். கடலுக்கு அதுவே நல்ல நாள் என்றேன்.

நாள் குறித்த பின்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் நாள்தோறும் அலையின் உயரம், காற்று, நீரோட்டம் ஆகியவற்றைக் கடற்கரை வாரியாக முன்னறிவிக்கிறது. லெமூர் நிகழ்ச்சிக்கு முன்பும் தென் தமிழகக் கரைக்கும் கேரளக் கரைக்கும் அம்மையம் எச்சரிக்கை விடுத்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, அது கரையில் நின்றவர்களின் காதுக்கு எட்டவில்லை. கைப்பேசியில் திரைப்பட நேரம் பார்க்கும் நாம், கடலின் நேரத்தையும் பார்க்கப் பழக வேண்டும்.

2. அலை எங்கிருந்து வருகிறது?

காலை ஐந்தரைக்குப் பேருந்தேறி, பீமுனிப்பட்டினம் செல்லும் கடற்கரைச் சாலையில் ருஷிகொண்டாவைக் கடந்து, மங்கமாரிப்பேட்டை என்னும் மீனவர் ஊரருகே இறங்கினோம். காற்று மிக மெல்ல வீசியது. ஆயினும் நெடிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி தவறாமல் வந்த வண்ணம் இருந்தன. "காற்றே இல்லையே, அலை மட்டும் எப்படி?" என்று மதுரை நண்பர் வினவினார். நல்ல வினா.

அலையைப் பிறப்பிப்பது காற்றே. ஆனால் நாம் நிற்கும் இடத்துக் காற்றாக அது இருக்க வேண்டியதில்லை. தென்னிந்தியப் பெருங்கடலில், தென் அகலக்கோடு 40-க்கும் அப்பால், ஆண்டு முழுதும் பெருங்காற்று வீசுகிறது. அங்கே பிறக்கும் அலைகளுள் நீண்டவை தொலைவு சென்றாலும் எளிதில் அழிவதில்லை. இரு முகடுகளுக்கு இடையே 14 விநாடி இடைவெளி உள்ள அலைக்கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அதன் ஆற்றல் விநாடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர், அதாவது மணிக்கு 39 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். தென் அகலக்கோடு 40-லிருந்து நம் கரை ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், ஏழு நாள் வருகிறது. இன்று நம் காலடியில் உடையும் அலை சென்ற வாரம் வேறோர் உலகத்தில் வீசிய காற்றின் குழந்தை!

எனவே வானம் தெளிந்திருப்பதையும் காற்று அடங்கியிருப்பதையும் கண்டு கடல் அமைதியாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது பிழை. இவ்வாறு தொலைவிலிருந்து முன்னறிவிப்பின்றி வந்து கரையேறும் பேரலையைக் கேரள மீனவர் 'கள்ளக்கடல்' என்பர். கள்வனைப்போல் வரும் கடல். எவ்வளவு பொருத்தமான பெயர்! 2012-இல் யுனெஸ்கோ இச்சொல்லை அறிவியல் வழக்காகவே ஏற்றுக்கொண்டது. லெமூர் கரையில் அன்று வந்ததும் இதுவே. கோடைத் திங்களாகிய ஏப்ரல், மே ஆகியவை இதற்கு உரிய காலம். நமக்கு விடுமுறை வரும் காலமும் அதுவே என்பதை நினைவில் வையுங்கள்.

கரைக்குச் சென்றவுடன் நீரில் இறங்காமல் கால் மணி நேரம் மணலில் அமர்ந்து அலைகளை எண்ணுங்கள். இரண்டு முகடுகளுக்கு இடையே 5, 6 விநாடி என்றால் அருகில் வீசும் காற்றின் அலை. 12, 14 விநாடி என்றால் தொலைதூரத்து அலை. பின்னது கூட்டங் கூட்டமாக வரும். சில நிமிடம் சிற்றலைகளாக இருந்து, திடீரென்று நான்கைந்து பேரலைகள் அடுத்தடுத்து வரும். கால் மணி நேரம் பொறுத்தவர்க்குத்தான் அப்பேரலைகளின் அளவு தெரியும்.

3. அமைதியான இடம் எது?

நாங்களும் அவ்வாறே அமர்ந்திருந்தோம். மணற்கரை நெடுக அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் மட்டும், ஏறத்தாழ பதினைந்து மீட்டர் அகலத்துக்கு, அலை உடையவில்லை. அங்கே நீர் சற்றுக் கருநீலமாக, வெறும் சிறு நெளிவுகளோடு காணப்பட்டது. இரு பக்கமும் ஆர்ப்பரிப்பு, நடுவே அமைதி.

"நாம் இறங்குவதற்கென்றே அமைந்த இடம்!" என்றார் சேலத்து நண்பர். அவர் தம் ஊர்க் கிணற்றில் நீந்தப் பழகியவர். எங்களுள் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அவரே. அவர் எழுந்து நான்கடி வைத்திருப்பார். சற்றுத் தள்ளி வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவர் தலை நிமிர்ந்து, "அக்கட வத்து, பாபு!" என்றார். 'அங்கே வேண்டாம், தம்பி' என்று பொருள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. அதனால் அவருக்கும் பேச நேரம் இருந்தது. தூத்துக்குடி நண்பர் தமக்குத் தெரிந்த தெலுங்கில் காரணம் கேட்டார். பெரியவர் சொன்ன விடையைத் தமிழில் தருகிறேன்: "அது படகு வெளியே போகிற வழி, ஆள் குளிக்கிற வழி அன்று."

ஒரு பாடநூலில் நான்கு பக்கம் படித்து யான் அறிந்திருந்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அதன் காரணத்தைப் பார்ப்போம். அலை ஏன் உடைகிறது? ஆழம் குறைவதால் உடைகிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது அலையின் அடி தடைப்பட்டு, தலை முன்னே கவிழ்கிறது. 1 மீட்டர் அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். ஆகவே வெள்ளை நுரை காணும் இடத்தில் அடியில் மணல் திட்டு உண்டு. கால் தரையில் பாவும். பக்கத்தில் உடைந்த அலை ஓரிடத்தில் மட்டும் உடையவில்லையானால், அங்கே திட்டு அறுபட்டிருக்கிறது. ஆழமான வாய்க்கால் ஓடுகிறது. உடையாத அலை ஆழத்தைச் சொல்கிறது.

நீரின் நிறமும் அதையே சொல்கிறது. இங்கே ஒரு தமிழரை நினைத்தல் தகும். திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன், தம் தந்தையார் இந்நகரத்துக் கல்லூரியொன்றில் ஆசிரியரானமையால், 1892-ஆம் ஆண்டு முதல் விசாகப்பட்டினத்தில் வளர்ந்தவர். நம்மைப்போலவே இக்கரைக்கு வந்து சேர்ந்த தமிழ்ச் சிறுவர்! 1921-இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்புகையில் அவர் கடல் நீலத்தை ஆராய்ந்தார். வானத்தின் நிழலே கடலின் நீலம் என்று அந்நாளில் பலர் எண்ணினர். இராமன் ஒரு நிக்கல் முப்பட்டகத்தைக் கொண்டு நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியைத் தடுத்துப் பார்த்தார், நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று 1922-இல் எழுதினார். நீர் சிவப்பொளியை மிகுதியாக உறிஞ்சிக்கொள்வதும் அந்நீலத்துக்குக் காரணமாகும். ஒளி கடந்து செல்லும் நீர் மிக மிக நீலமும் மிகும். கரையோரத்தில் வெளிர்நிறம் கண்டால் அடிமணல் அருகில் இருக்கிறது; கருநீலப் பட்டை கண்டால் அடி விலகியிருக்கிறது. ஆய்வுக்கூடத்து அறிவு கரையில் உயிர் காக்கும் அறிவாவது இப்படித்தான்.

4. இளநீர் மட்டைச் சோதனை

கேட்டதை நம்புவதோடு அமையாமல் அளந்தும் பார்ப்பதே அறிவியல் மாணவர்க்கு அழகு. நீரில் இறங்காமலே அளக்க ஒரு வழி கண்டோம்.

ஆளுக்கோர் இளநீர் குடித்தோம். பிறகு, கரையோரமாக 40 மீட்டர் இடைவெளியில் மணலில் இரு கோல்கள் நட்டோம். அமைதிப் பட்டைக்கு நேர் எதிரே உள்ள கோலருகே மதுரை நண்பர் நின்றார். மற்றக் கோலருகே கோவைத் தோழியர் நின்றனர். கரைக் கோட்டுக்கு 45 பாகைச் சாய்வில் ஒரு கோட்டை மணலில் கீறி, அதன் வழியே பார்த்திருப்பது அவர்கள் வேலை. முதற் கோலுக்கு நேரே செல்லும் மட்டை அப்பார்வைக் கோட்டைக் கடக்கும்போது, அது கரைக் கோட்டிலிருந்து சரியாக 40 மீட்டர் தொலைவில் இருக்கும். பள்ளிக்கூடத்து முக்கோணவியல்தான்.

முதல் மட்டையை வெள்ளலைகள் உடையும் இடத்தில் எறிந்தோம். அது இரண்டு அலையில் எங்கள் காலடிக்கே திரும்பிவிட்டது. மீண்டும் எறிந்தோம், மீண்டும் வந்தது.

இரண்டாவது மட்டையை அமைதிப் பட்டையில் எறிந்தோம். கரைக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 5 மீட்டரில் விழுந்தது. சிறிது தயங்கியது, பிறகு ஓசையின்றிக் கடலை நோக்கிப் புறப்பட்டது. 50 விநாடியில் தோழியரின் பார்வைக் கோட்டைக் கடந்தது. 35 மீட்டர், 50 விநாடி, விநாடிக்கு 0.7 மீட்டர். எவரும் தள்ளவில்லை, காற்றும் அதை இழுக்கவில்லை. நீரே சுமந்து சென்றது.

சேலத்து நண்பர் நகரின் நீச்சல் குளத்தில் 50 மீட்டரைக் கடக்க 75 விநாடி எடுத்துக்கொள்பவர். அஃதாவது விநாடிக்கு 0.67 மீட்டர். அவர் தம் முழு வலிமையோடு கரை நோக்கி நீந்தினாலும், அந்நீரில் நின்ற இடத்திலேயே நிற்பார்; களைத்த பிறகு பின்னே செல்வார். கணக்கைக் கேட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை.

கிணற்று நீச்சலுக்கும் கடல் நீச்சலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. கிணற்றில் நீர் நிற்கிறது, நாம் நகர்கிறோம். கடலில் நீரும் நகர்கிறது. கிணற்றில் கற்ற நீச்சல் கடலில் மிதக்க உதவும். கடலை எதிர்க்க உதவாது.

5. இழுப்போட்டம் பிறக்கும் வகை

ஆங்கிலத்தில் 'ரிப் கரண்ட்' எனப்படும் இதனை இழுப்போட்டம் என்று கூறலாம். இது பிறக்கும் வகை எளிது.

உடையும் அலை ஒவ்வொன்றும் திட்டைத் தாண்டி நீரைக் கரைப் பக்கம் கொண்டுவந்து கொட்டுகிறது. அலை மிகுதியாக உடையும் இடத்தில் கரையோர நீர்மட்டம் சற்றே உயர்கிறது. உயர்ந்த நீர் தாழ்ந்த இடத்தை நாடும் அன்றோ? அது கரையோரமாகப் பக்கவாட்டில் ஓடி, அலை குறைவாக உடையும் இடமாகிய வாய்க்காலை அடைகிறது. இரு பக்கத்து நீரும் அங்கே கூடிக் குறுகிய வழியில் கடலுக்கு மீள்கிறது. ஏரிக்கு எங்கும் நீர் வருகிறது. மதகு வழியே மட்டும் வெளியேறுகிறது. மதகில் நீரின் விசை எப்படி என்பதை நம் ஊர்களில் கண்டிருக்கிறோம். அமைதியான அந்தப் பட்டை கடலின் மதகு.

இழுப்போட்டத்தின் வேகம் பெரும்பாலும் விநாடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும். கடல் பொங்கும் நாளில் 2 மீட்டரையும் கடக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 46.40 விநாடியில் நீந்தி உலகச் சாதனை புரிந்த சீன வீரர் பான் ஜான்லேயின் சராசரி வேகம் விநாடிக்கு 2.16 மீட்டர். அவரும் ஒரு நிமிடத்துக்கு மேல் அவ்வேகத்தைத் தாங்குவது அரிது. பிறரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

பாறைகளை ஒட்டியும் இழுப்போட்டம் உண்டு. கரையோரமாக வரும் நீரோட்டம் பாறையில் முட்டி வெளியே திரும்புவதே காரணம். மணல் வாய்க்கால் இன்று இங்கும் நாளை அங்குமாக இடம் மாறும். பாறையருகே உள்ள இழுப்பு இடம் மாறாது. கைலாசகிரி, டால்பின் மூக்கு போன்ற குன்றுகளின் கொண்டலைட்டுப் பாறைகள் கடலுள் நீண்டு கிடக்கும் இக்கரையில் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாறையைப் பற்றிக்கொண்டு குளித்தால் பாதுகாப்பு என்று எண்ணுவது வீண்.

6. அகப்பட்டால் என் செய்வது?

இழுப்போட்டம் மனிதரை நீருக்கடியில் இழுப்பதில்லை. கரையிலிருந்து அப்பால் கொண்டு செல்கிறது. அவ்வளவே. மாள்பவர்களுள் மிகப் பலர், கரை விலகுவதைக் கண்டு அஞ்சி, ஓட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்து மாள்கின்றனர். எனவே முதல் விதி: எதிர்க்காதீர்.

மல்லாந்து மிதந்து மூச்சைக் காத்துக்கொள்ள வேண்டும். ஒரு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். ஓட்டம் அலை உடையும் வரியைத் தாண்டியதும் பெரும்பாலும் வலுவிழந்துவிடும். நீந்த வல்லவர் கரைக்கு இணையாக, வெள்ளலை உடையும் பக்கம் நோக்கி நீந்தி, திட்டை அடைந்து, அலைகளோடு கரை சேரலாம். மிதவைகளை விட்டு அளந்த ஆய்வாளர், பல இழுப்போட்டங்கள் வட்டமிட்டுத் திரும்பி மிதவைகளைத் திட்டின்மேலேயே கொண்டுவந்து விடுவதைக் கண்டிருக்கின்றனர். ஒரு பக்கம் நீந்தி முன்னேற முடியாவிட்டால், சிறிது மிதந்திருந்து மறுபக்கம் முயலலாம்.

கரையில் நிற்பவர்க்கு உள்ள கடமை இதனினும் கடினமானது. நண்பர் தத்தளிக்கும்போது பாய்ந்துவிடவே மனம் துடிக்கும். ஆனால் வெறுங்கையோடு பாய்ந்தவர், காக்கச் சென்றவரோடு தாமும் மாண்ட செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அவரைக் கண்ணால் தொடர்ந்து பார்த்திருக்க ஒருவரை நிறுத்துங்கள். உயிர்காப்பாளரையும் மீனவரையும் கூவி அழையுங்கள்; 112 எண்ணுக்குச் சொல்லுங்கள். மூடியிட்ட வெறும் தண்ணீர்க் கேன், காற்றடைத்த பந்து, கயிறு, எது மிதக்குமோ அதை எறியுங்கள். நாங்கள் இரண்டு வெறும் தண்ணீர்க் கேன்களையும் இருபது மீட்டர்க் கயிற்றையும் கொண்டு சென்றிருந்தோம். பேருந்தில் அவற்றைக் கண்டு சிலர் நகைத்தனர். நகைக்கட்டும்!

அன்று நாங்கள் நீராடாமல் திரும்பவில்லை. பெரியவர் காட்டிய திட்டின்மேல், வெள்ளலை உடையும் இடத்தில், இடுப்பளவு நீரில், இருவர் கரையில் காவல் நிற்க, முறை வைத்து ஆடினோம். சேலத்து நண்பரின் உரத்த சிரிப்பு சாலைவரை கேட்டிருக்கும்.

7. நண்பகலும் மாலையும்

மே மாதத்து வெயிலில் பதினொரு மணிக்கு மேல் மணலில் நிற்றல் ஆகாது. இங்கே வெப்பத்தைவிட ஈரப்பதமே கொடிது, வியர்வை உலராது, உடல் குளிராது. சாலையோரத்து மர நிழலில் கட்டுச்சோறு உண்டோம். நாம் நுங்கு என்பதை இங்குள்ளோர் தாட்டி முஞ்சலு என்பர். பெயர் வேறாயினும் குளிர்ச்சி ஒன்றே.

காலையில் நீராடியபோது, இவ்வளவு வெப்பத்திலும் நீர் குளிர்ந்திருந்தது ஏன் என்று மதுரை நண்பர் உண்டபடியே கேட்டார். கோடையில் தென்மேற்கிலிருந்து காற்று கரைக்கு இணையாக வீசுகிறது. புவியின் சுழற்சியால் மேல்நீர் காற்றின் வலப்புறமாக, அதாவது கரையை விட்டு விலகி, நகர்கிறது. அவ்விடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் மேலெழுகிறது. அதனோடு உரச்சத்தும் வருவதால் நுண்ணுயிர் பெருகி மீன் வளம் பெருகும். 1950-களில் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கடலியல் ஆய்வுக்கு வித்திட்ட அமெரிக்க அறிஞர் யூஜீன் லாஃபோண்ட் இக்கரையில் ஆராய்ந்தவற்றுள் இதுவும் ஒன்று.

வெயில் தாழ்ந்ததும் வடக்கே சென்று, எர்ர மட்டி திப்பலு எனப்படும் செம்மணல் மேடுகளைக் கண்டோம். இவை 2014-இல் தேசியப் புவியியல் மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை. பழங்காலத்தில் குவிந்த கரை மணலின் இரும்புச்சத்து நாளடைவில் துருவேறிச் சிவந்திருக்கிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர்க் கடல் மட்டம் இன்றையினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. கரை அப்பால் இருந்தது. கரை என்பது நிலைத்த கோடு அன்று என்ற பாடத்தை அம்மேடுகள் கற்பிக்கின்றன.

மாலையில் கடற்காற்று நன்கு வீசியது. மணல் விரைவில் சூடேறும். நீர் மெல்லவே சூடேறும். நிலத்துக் காற்று சூடேறி மேலெழ, கடற்காற்று உள்ளே வருகிறது. பகல் முழுதும் வளர்ந்த இக்காற்றினால் அலைகள் குழம்பி, காலையில் தெளிவாகத் தெரிந்த கருநீலப் பட்டை கண்ணுக்குப் புலப்படாமற் போயிற்று. ஆனால் வாய்க்கால் அங்கேதான் இருந்தது! எனவே காலையில் படித்து அறியாத கரையில் மாலையில் இறங்குதல் கூடாது.

8. நினைவிற் கொள்ள வேண்டியவை

ஒன்று: நாளும் ஓதமும் முன்னறிவிப்பும் பார்த்துப் புறப்படுக.

இரண்டு: இறங்குமுன் கால் மணி நேரம் அலைகளை எண்ணுக.

மூன்று: வெள்ளலைகளுக்கு நடுவே அமைதியான கருநீலப் பட்டை கண்டால், அதுவே விலக்க வேண்டிய இடம்.

நான்கு: அவ்வூர் மீனவரைக் கேட்காமல் இறங்கற்க. உயிர்காப்பாளர் உள்ள கரையே சிறந்தது. ருஷிகொண்டா 2020-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கரை. உயிர்காப்பாளரை அமர்த்துவது அச்சான்றுக்குரிய விதிகளுள் ஒன்று.

ஐந்து: இருவரேனும் கரையில் காவல் நிற்க, மிதக்கும் பொருளும் கயிறும் உடன் கொள்க.

ஆறு: அகப்பட்டால் எதிர்க்காது மிதக்க.

அடுத்த கோடையில் நம் சங்கத்துக்குப் புதிய மாணவர்கள் வருவார்கள். வந்த முதல் ஞாயிறே கடலுக்கு ஓடுவார்கள். அவர்களுக்கு விடுதியையும் உணவகத்தையும் காட்டும் அண்ணன்மாரும் அக்காமாரும், அவர்களோடு ஒருமுறை கரைக்குச் சென்று, அந்தக் கருநீலப் பட்டையையும் விரல் நீட்டிக் காட்டிவிட வேண்டுகிறேன். ஓர் இளநீர் மட்டையும் ஒரு நிமிடமும் போதும்.